வேலைக்கு ஏற்ற உடலா? உடலுக்கு ஏற்ற வேலையா?

சேலம் சந்திப்பு என்று ரயில்வே பலகை சொல்கிறதே, அந்த நிலையம் நிற்பது சூரமங்கலத்தில். 2007-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் சேலம் ரயில்வே கோட்டம் பிறந்தபின் கோட்டத்துக்கே முக்கியமான நிலையமாகவும் ஆயிற்று. வண்டி ஓட்டுகிறவர், தண்டவாளம் காப்பவர், பெட்டி துடைப்பவர், மூட்டை சுமப்பவர், நிலைய வாசலில் ஆட்டோவோடு காத்திருப்பவர் என்று பல வகைப் பாட்டாளிகள் இங்கே உழைக்கிறார்கள். உழைக்கிற காலத்தில் எல்லோருக்கும் ஒரே வெயில்தான். நோய் வந்து விழுகிற காலத்தில்தான் தெரிகிறது, இந்த ஒரு நிலையத்துக்குள் இரண்டு நீதி நடக்கிறது என்பது.

நிரந்தர ஊழியரான ஓட்டுநருக்குக் கண்பார்வை குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவரை ரயில்வே நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. வேறு வேலை தந்தாக வேண்டும். அதே நிலையத்தில் காண்டிராக்டரிடம் தினக்கூலிக்குப் பெட்டி துடைக்கிற பெண்ணுக்கு மூட்டுவாதம் வந்து முழங்கால் மடங்க மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு யார் வேறு வேலை தருவார்? "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்ற ஒரு வாய்ச்சொல் போதும், கணக்கு முடிந்தது.

ஒருவருக்கு, உடலுக்கு ஏற்றபடி வேலை மாறுகிறது. மற்றவருக்கு, உடல் மாறிய அன்றே வேலை போகிறது. ஏன் இந்த வேற்றுமை? இதை மாற்ற வழி உண்டா? உண்டு என்கிறோம் நாம். அந்த வழி தொழிலாளியின் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது என்றும் சொல்கிறோம்.

ஏட்டில் உள்ள நீதி

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். ரயில்வேயில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மருத்துவத் தரம் உண்டு. வண்டி ஓட்டுகிறவருக்கு ஏ-1 என்ற உச்சத் தரம் வேண்டும். குறித்த காலத்துக்கு ஒரு முறை பரிசோதனை நடக்கும். தரம் குறைந்துபோனால் அவர் எஞ்சினில் ஏற முடியாது. ஆனால் ரயில்வேயின் ஊழியர் கையேடு, அப்படித் தரம் குறைந்தவருக்கு மாற்று வேலை தருவதற்கென்றே தனி அத்தியாயம் வைத்திருக்கிறது. அலுவலகத்திலோ, ஓட்டுநர்களுக்கு முறை போட்டு அனுப்பும் இடத்திலோ அவருக்கு ஓர் இருக்கை கிடைக்கும். சம்பளம் காக்கப்படும். ஏற்ற இடம் உடனே இல்லையென்றால், அவருக்காகவே உபரிப் பதவி ஒன்றைத் தோற்றுவித்து அதில் அமர்த்த வேண்டும்.

இதை நாடு முழுதும் உள்ள அரசு நிறுவனங்களுக்குப் பொதுவாக்கியது 1995-ஆம் ஆண்டின் சட்டம். அதற்குப் பதிலாக வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 20-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பணியில் இருக்கும்போது உடற்குறை அடைந்த ஊழியரை எந்த அரசு நிறுவனமும் நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது, பழைய வேலை செய்ய இயலாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும்.

நல்ல சட்டம். வரவேற்கிறோம். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் எல்லார் வீட்டுக் குழம்புக்கும் வந்து சேருகிறதா?

காண்டிராக்ட் என்ற ஓட்டை

அந்தப் பிரிவில் ஒரு சொல்லைக் கவனியுங்கள், தோழர்களே! "அரசு நிறுவனம்" என்பதே அந்தச் சொல். காண்டிராக்டர் அரசு நிறுவனம் அல்ல. நூற்பாலை முதலாளி அரசு நிறுவனம் அல்ல. விசைத்தறிக் கூடத்துக்காரரும் வெள்ளிப் பட்டறைக்காரரும் அரசு நிறுவனம் அல்ல. ஆகவே, "வேறு வேலை தந்தாக வேண்டும்" என்ற கட்டளை அவர்களுடைய வாசற்படியோடு நின்றுவிடுகிறது.

தனியாருக்கு இச்சட்டம் என்ன சொல்கிறது? 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டுமாம். பணியாளரில் நூற்றுக்கு ஐந்து பேரேனும் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி, தனியார் முதலாளிகளுக்குச் சர்க்கார் ஊக்கம் தர வேண்டுமாம். அரசு வேலையில் நூற்றுக்கு நான்கு என்பது கட்டாயம். தனியாரிடம் நூற்றுக்கு ஐந்து என்பது வேண்டுகோள்! கட்டாயத்துக்கும் வேண்டுகோளுக்கும் உள்ள தூரத்தை, கூலி வாங்கிப் பிழைக்கிறவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. நிரந்தர வேலையாக இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் காண்டிராக்டுக்கு விடுகிறார்கள். துப்புரவு போயிற்று, காவல் போயிற்று, சுமை ஏற்றுவது போயிற்று. ஒரு வேலை காண்டிராக்டுக்குப் போகும்போது ஒரு சம்பளம் மட்டும் குறைவதில்லை. நூற்றுக்கு நான்கு என்ற ஒதுக்கீட்டிலும் ஓர் இடம் குறைகிறது. நோயுற்றால் மாற்று வேலை என்ற காப்பும் ஒருவருக்குக் குறைகிறது. சட்டத்தை ஓர் எழுத்துக்கூடத் திருத்தாமல், சட்டத்தின் நிழலில் நிற்பவர்களின் எண்ணிக்கையைச் சுருக்கிவிடும் தந்திரம் இது!

தொழிலாளர் சட்டமாவது துணை நிற்கிறதா என்று பார்த்தால், அங்கே இன்னும் பெரிய வியப்பு. ஆட்குறைப்பு செய்தால் இழப்பீடு தர வேண்டும் என்று தொழில் தகராறு சட்டம் விதித்திருந்தது. எது ஆட்குறைப்பு என்று விளக்கம் எழுதியவர்கள், "தொடர்ந்த உடல்நலக் குறைவின் பேரில் வேலை நீக்கம் செய்வது ஆட்குறைப்பு ஆகாது" என்றும் ஒரு விலக்கு எழுதி வைத்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 29 பழைய சட்டங்களை நான்காகச் சுருக்கிய பெரும் திருத்தத்தின் ஒரு பகுதி. எத்தனையோ உரிமைகளைத் தூக்கி எறிந்த அந்தத் தொகுப்பு, இந்த விலக்கை மட்டும் பத்திரமாக எடுத்துவந்து வைத்துக்கொண்டது!

இதன் பொருள் என்ன? இயந்திரம் பழுதானால் முதலாளி தன் செலவில் பழுது பார்ப்பார். அந்த இயந்திரத்தோடு பத்தாண்டு நின்று பழுதான மனிதரை ஆட்குறைப்பு இழப்பீடுகூட இல்லாமல் வெளியே அனுப்பலாம். மனிதனுக்கு இரும்பைவிடக் குறைந்த மதிப்பா என்று கேட்கிறோம். பதில் சொல்லட்டும்!

நாற்பது என்ற கோடு

உடற்குறை என்று எதைச் சட்டம் ஏற்கிறது? 1995-இல் ஏழு வகை. 2016-இல் அது 21 வகையாக விரிந்தது. நடுக்குவாதம், இரத்தம் உறையாமை, தலசீமியா போன்ற நீண்டகால நோய்களும் சேர்ந்தன. முன்னேற்றம்தான். ஆனால் ஒதுக்கீடு முதலிய சலுகைகளுக்கு நூற்றுக்கு 40 என்ற அளவுக்குக் குறையிருப்பதாக மருத்துவச் சான்று வேண்டும். சர்க்கரை நோயும், சிறுநீரகக் கோளாறும், இதய நோயும், காசநோயும் அந்த 21-இல் இல்லை.

நம்முடைய தெருக்களில் அதிகம் காணும் நோய்கள் எவை? இவைதாமே!

கால் இழந்தவரின் குறை எல்லார் கண்ணுக்கும் தெரியும். நீண்ட நோயின் குறை அப்படியல்ல. இன்று எழுந்து நடப்பார், நாளை படுக்கையில் கிடப்பார், மறுநாள் மீண்டும் எழுவார். "நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?" என்று மேஸ்திரி கேட்பார். சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்புக்காக மருத்துவமனையில் படுத்திருக்க வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருகிற ஏழை உழைப்பாளிக்கு, மற்ற நாட்களில் ஓரளவு உழைக்கத் தெம்பு உண்டு, மனமும் உண்டு. வாரத்தில் மூன்று நாள் வேலை, அதுவும் உட்கார்ந்து செய்யும் வேலை என்று யாராவது தந்தால் செய்வார். தருவார் யார்? பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, வாரத்துக்கு ஆறு நாள். முடிந்தால் வா, முடியாவிட்டால் போ! நடுவே வேறு வழி இல்லை.

தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1948-இல் சட்டமாகி, இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்ந்திருக்கும் அந்தத் திட்டத்தில், நோயுற்றவருக்கு ஆண்டுக்கு 91 நாள், கூலியில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கும். காசநோய், புற்றுநோய், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட 34 நோய்களுக்கு இரண்டாண்டு வரை நூற்றுக்கு 80 பங்கு கிடைக்க வழி உண்டு. எத்தனை குடும்பங்களை இது காத்திருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறை இதில் கட்டாயமாகச் சேர வேண்டியதில்லை. சேர்ந்தவருக்கும் இரண்டாண்டு முடிந்த மறுநாள் என்ன? விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பது நம் முன்னோர் வாக்கு. மூன்று நாளில் முடியாத மருந்தல்லவா இது! உதவித்தொகை நின்ற நாளில் உடம்பு பழையபடி ஆகிவிடாது. அன்று அவருக்குத் தேவை, பாதி பலத்தோடு செய்யக்கூடிய ஒரு முழு மரியாதையுள்ள வேலை.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. மெச்சுகிறோம். மருந்து வீடு தேடி வந்த ஊரில் வேலை மட்டும் ஏன் வாசல் தாண்டி ஓடுகிறது?

வீட்டுக்குள் வந்த வேலை

"ஏன், வீட்டில் இருந்தே செய்யும் வேலை உண்டே! நேரம் உன் கையில், விருப்பம் போல் செய்யலாமே" என்று சிலர் உபதேசம் செய்வார்கள். உண்டு. நம் பக்கத்திலேயே உண்டு. சிவதாபுரத்திலும் செவ்வாய்ப்பேட்டையிலும் பள்ளப்பட்டியிலும் வெள்ளிக் கொலுசு வேலை வீடுதோறும் நடக்கிறது. வெள்ளியை உருக்கி, கம்பியாக இழுத்து, வளையம் கோத்து, பற்றவைத்து, மெருகேற்றி, சலங்கை பூட்டி அனுப்பினால் இந்தியா முழுதும் பெண்களின் கால்களில் சேலம் கொலுசு ஒலிக்கிறது. கூடத்துக்குப் போக முடியாதவர், ஷிப்டு பார்க்க முடியாதவர், கைக்குழந்தைக்காரி, நோயாளி எல்லோரும் இந்த வேலைக்கு வருகிறார்கள். நேரம் அவர் கையில்தான். ஆனால் கூலி?

செய்த உருப்படிக்குத்தான் கூலி. கை நடுங்கிய நாளில் உருப்படி குறையும், கூலியும் குறையும். பற்றவைக்கும்போது எழும் புகை வீட்டுக்குள்ளேயே சுழலும். மெருகேற்றும் அமிலமும் அங்கேயே இருக்கும். இருமல்காரருக்கு வீட்டு வேலை கிடைத்தது. அந்த வேலையே இருமலையும் வளர்க்கிறது. விடுப்பு இல்லை, ஈட்டுறுதி இல்லை, முதலாளி யார் என்பதும் தெளிவில்லை. இதைத்தான் வசதி என்கிறார்கள்!

நகரத்தில் புதிதாக வந்திருக்கும் உணவு கொண்டு செல்லும் வேலையும் இதே கதைதான். "உங்கள் நேரத்துக்கு நீங்களே எசமானர்" என்று கைப்பேசியில் விளம்பரம். காய்ச்சலில் கிடந்த நாளுக்கு அந்த எசமானருக்கு ஒரு காசு உண்டா? இல்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை!

ஆகவே, ஒன்றைப் பிரித்து அறிய வேண்டும். உடலுக்கேற்ப நேரம் வளைய வேண்டும் என்பது தொழிலாளியின் கோரிக்கை. நேரத்தோடு சேர்த்துக் கூலியையும் காப்பையும் வளைத்து ஒடித்துவிடுவது முதலாளியின் ஏற்பாடு. முன்னதைக் கேட்டால் பின்னதைக் கொடுத்து, "கேட்டதைத் தந்துவிட்டோம்" என்பார்கள். ஏமாறக் கூடாது.

வேலையும் இல்லை, காப்பும் இல்லை என்றால் மனிதன் எங்கே போய் நிற்பான் என்பதற்கு, நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம் சாட்சி. 2025 ஜூலையில் வெளிவந்த செய்தி நாட்டையே உலுக்கியது. கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகத்துக்கு விலை பேசியிருக்கிறார்கள். விசாரணைகள் நடந்தன, நடவடிக்கைகள் எடுத்தார்கள். தரகரைத் தண்டிப்பது சரி. ஆனால் அந்தத் தரகரிடம் தொழிலாளியைக் கொண்டுபோய் விட்டது எது? முன்பணம் வாங்கித் தறிக்கு அடிமைப்பட்ட வாழ்க்கை. நோயோ பிரசவமோ வந்தால் கடனைத் தவிர வேறு துணை இல்லாத வாழ்க்கை. ஒரு சிறுநீரகத்தை இழந்து வந்தவர் மறுபடி அதே பன்னிரண்டு மணி நேரத் தறியில்தான் நிற்க வேண்டும். உடலுக்கேற்ற வேலை இல்லாத நாட்டில், கடைசியில் உடலே சரக்காகிறது.

முடியாத காரியமா?

"சிறு முதலாளிகள் தாங்குவார்களா? இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், பதில் சொல்கிறோம்.

நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கு நான்கு மணி நேர வேலை, ஆனால் முழு நாள் கூலி என்று தமிழக அரசு 2012-இல் ஆணை பிறப்பித்தது. மண் வெட்டச் சொல்லாமல், தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற ஏற்ற வேலைகளை அவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றது. அந்த ஆணையை ஊராட்சிகளில் அமல்படுத்தக் கோரி மாற்றுத்திறனாளிகள் சங்கத்தினர் வீதிக்கு வர வேண்டியிருந்தது என்பது வேறு. பாதி நேரம், முழுக் கூலி என்ற கொள்கையை ஒரு சர்க்கார் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டது என்பதே நமக்கு முக்கியம். 2025 இறுதியில் மத்திய சர்க்கார் அந்த வேலைச் சட்டத்தையே மாற்றிவிட்டது. புதிய ஏற்பாட்டிலும் இந்த நான்கு மணி நேரம் நிலைக்க வேண்டும். அதோடு, அது ஊரகத் திட்டம். மாநகராட்சி மண்டலமாகிவிட்ட சூரமங்கலத்துக்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஊருக்குள் பிறந்த நோயாளிக்கு உண்டு, நகரத்துக்குள் பிறந்த நோயாளிக்கு இல்லை என்பது என்ன நீதி?

வெளிநாட்டைப் பார்ப்போம். முதல் உலகப் போரில் ஊனமுற்றுத் திரும்பியவர்களுக்காக 1920-இல் சட்டம் செய்த நாடு ஜெர்மனி. இன்று அங்கே 20 வேலையிடங்களும் அதற்கு மேலும் உள்ள முதலாளி, நூற்றுக்கு ஐந்து இடங்களைக் கடும் உடற்குறையுள்ளவர்களுக்குத் தர வேண்டும். தராவிட்டால் தீர்வை கட்ட வேண்டும். உடல்நிலை காரணமாகக் குறைந்த நேர வேலை கேட்பது அவர்களுக்குச் சட்டப்படியான உரிமை. 2004 முதல் இன்னொரு விதியும் உண்டு. எந்தத் தொழிலாளியாவது ஓராண்டில் ஆறு வாரத்துக்கு மேல் நோயுற்றிருந்தால், முதலாளி அவரை அழைத்து, "என்ன மாற்றம் செய்தால் நீங்கள் வேலையில் நீடிக்கலாம்?" என்று பேச முன்வர வேண்டும். இதற்கு நாற்பது விழுக்காட்டுச் சான்று தேவையில்லை. நோய் ஒன்றே போதும். அந்த நாட்டுத் தொழில்கள் இதனால் மூழ்கிப்போய்விட்டனவா?

மாற்றம் என்றால் கோடி ரூபாய்ச் செலவு என்று எண்ண வேண்டாம். நின்றே செய்த வேலைக்கு ஒரு முக்காலி. இரவு ஷிப்டுக்குப் பதில் பகல் ஷிப்டு. ஒரு முழு ஷிப்டை இரண்டு பேருக்குப் பாதியாகப் பிரிப்பது. மருத்துவமனை நாளில் கூலி பிடிக்காத விடுப்பு. இவற்றில் எது முதலாளியைத் தெருவில் நிறுத்திவிடும்? சிறு பட்டறைக்கு உண்மையிலேயே சுமை கூடினால், நல வாரியமும் அரசாங்கமும் பங்கு ஏற்கட்டும். அதற்குத்தானே வரி வாங்குகிறார்கள்!

ஒரு கையெழுத்தின் வலிமை

இப்போது, தொடக்கத்தில் சொன்ன வழிக்கு வருகிறோம். 2025 ஆகஸ்ட் 1-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. தெலங்கானா சாலைப் போக்குவரத்துக் கழகத்தில் பேருந்து ஓட்டியவர் ஒருவர். நிறம் பிரித்தறியும் பார்வை இல்லை என்று மருத்துவர்கள் கூறியதால் 2016-இல் வேலையை இழந்தார். வேறு வேலை கேட்டார், கழகம் மறுத்தது. நிறக்குருடு அந்த 21 வகைப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அவர் வென்றார். ஏற்ற வேலை தர வேண்டும், அதே சம்பள விகிதத்தில் தர வேண்டும், நிலுவையில் நூற்றுக்கு 25 பங்கும் தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. மாற்று வேலை உண்டா என்று தேடிக்கூடப் பார்க்காமல் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது தகாது என்றும் இடித்துரைத்தது.

எதன் பலத்தில் வென்றார்? 1979-ஆம் ஆண்டு டிசம்பரில், அன்றைய போக்குவரத்துக் கழக நிர்வாகமும் தொழிற்சங்கமும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. நிறக்குருடு என்று கண்டறியப்படும் ஓட்டுநருக்குச் சம்பளம் குறையாமல் மாற்று வேலை தருவது என்று அதில் ஒரு விதி இருந்தது. 46 ஆண்டுகள் கழித்து, மாநிலம் இரண்டாகப் பிரிந்து, கழகமும் பிரிந்த பிறகும், அந்த ஒரு விதி ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்குச் சோறு போட்டிருக்கிறது!

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். சட்டத்தின் பட்டியல் எட்டாத இடத்தைச் சங்கத்தின் உடன்படிக்கை எட்டியிருக்கிறது. அன்று பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவர்கள் கூலி உயர்வும் போனசும் மட்டும் போதும் என்று எழுந்து வந்திருந்தால், இன்று அந்த ஓட்டுநருக்கு எந்தக் கதவும் திறந்திருக்காது.

நாம் கேட்பது

ஆகவே, அரசாங்கத்திடம் நாம் கேட்பது இவை. தொடர்ந்த உடல்நலக் குறைவு என்று சொல்லி ஆட்குறைப்பு இழப்பீட்டை மறுக்கும் விலக்கை நீக்க வேண்டும். அரசு நிறுவனம் காண்டிராக்ட் விடும்போது, நோயுற்ற தொழிலாளிக்கு மாற்று வேலை தரும் கடமையை டெண்டர் நிபந்தனையிலேயே சேர்க்க வேண்டும். நீண்டகால நோயாளிக்கு, நாற்பது விழுக்காடு என்று அளக்காமல், வேலையில் மாற்றம் கேட்கும் உரிமையைத் தர வேண்டும். நான்கு மணி நேர வேலை, முழு நாள் கூலி என்பதை நகரங்களுக்கும் கொண்டுவர வேண்டும். வீட்டிலிருந்து கொலுசு செய்பவரையும் தறி ஓட்டுபவரையும் ஈட்டுறுதியின் நிழலில் சேர்க்க வேண்டும்.

இவற்றைச் சர்க்கார் தானாகத் தந்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். அதுவரை கைகட்டி நிற்கவும் வேண்டாம். அடுத்த கூலி உடன்படிக்கை எந்தத் தறிப்பேட்டையில் நடந்தாலும், எந்தப் பட்டறைத் தெருவில் நடந்தாலும், எந்தக் காண்டிராக்டரிடம் நடந்தாலும் அதில் ஒரு விதி இருக்கட்டும்: "பணியில் நோயுற்றவருக்கோ உடற்குறை அடைந்தவருக்கோ, கூலி குறையாமல் ஏற்ற வேலையும் ஏற்ற நேரமும் தரப்படும்." எழுதி, கையெழுத்து வாங்கி, தொழிலாளர் இலாகாவில் பதிவு செய்யுங்கள். வாய்மொழி வாக்குறுதி காற்றோடு போகும். பதிவு செய்த தாள் நீதிமன்றத்தில் நிற்கும்.

கிளைத் தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் தெருவில் நோயால் வேலை இழந்தவர் எத்தனை பேர், என்ன நோய், என்ன வேலை செய்ய இயலும் என்று கணக்கெடுங்கள். சான்றுக்குத் தகுதியுள்ளவருக்குச் சான்று வாங்கித் துணை நில்லுங்கள். நல வாரியத்தில் பதியாதவரைப் பதிய வையுங்கள். மாற்றுத்திறனாளி ஒருவர் மாநகராட்சி மன்றத்தில் நியமன உறுப்பினராக அமர 2025-இல் சட்டம் வழி செய்திருக்கிறது. அந்தக் கணக்கை அவரிடம் கொடுத்து மன்றத்தில் பேசச் சொல்லுங்கள்.

நோயாளிக்கு இரக்கம் காட்டுங்கள் என்று நாம் கேட்கவில்லை. இன்று நல்ல உடம்போடு நிற்கிற ஒவ்வொரு தொழிலாளியும் நாளைய நோயாளியே. வயது யாரையும் விடாது. அவருக்காக இன்று எழுதுகிற விதி நமக்காக எழுதுகிற விதிதான். வேலைக்கேற்ற உடலைத் தேடிப் பொறுக்கி, தேய்ந்ததும் வீசும் முறை ஒழியட்டும். உடலுக்கேற்ற வேலை உரிமையாகட்டும். அதை எழுதும் பேனா அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் இருக்கிறது. எடுத்து எழுதுங்கள்!